இன்ஜின் எதனால் போனது?

காரின் டேஷ்போர்டில் எண்ணெய்க் குடுவை வடிவத்தில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். சாவியைத் திருப்பியதும் எரியும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும். பெரும்பாலான கார்களில் ஆயில் அழுத்தம் ஏறக்குறைய அரை பாருக்குக் கீழே இறங்கினால்தான் அது மறுபடி எரியும். ஐடிலில் நிற்கும் இன்ஜினுக்கு அந்த எச்சரிக்கை போதும். நிமிடத்துக்கு 7,000 சுற்றில் ஓடும் இன்ஜினுக்கு நான்கைந்து பார் வேண்டும். அந்த வேகத்தில் அழுத்தம் ஒரு பாருக்குச் சரிந்தாலும் விளக்கு எரியாது. உள்ளே பேரிங் தேய்ந்துகொண்டிருக்கும். சொந்தக் காரை மாற்றிக்கட்டி டிராக்கில் ஓட்டும் அமெச்சூர்களில் பலர் "ஒரு அறிகுறியும் இல்லாமல் இன்ஜின் போயிடுச்சு" என்று சொல்வதற்கு இந்த விளக்கும் ஒரு காரணம். அறிகுறி இருந்திருக்கும். அதைக் காட்டும் கருவிதான் காரில் இருந்திருக்காது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.7 கி.மீ. டிராக் இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில், பந்தயக் கார்களை வடிவமைத்த கரிவர்தனின் நினைவாக அமைந்த காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. இங்கெல்லாம் நெடுங்காலம் அமெச்சூர்களின் செல்லக் காராக இருந்தது மாருதி எஸ்டீம். 2007-இல் உற்பத்தி நின்றுபோன கார் என்றாலும் அதை விரும்பியதற்கான காரணங்கள் எளியவை. எடை 900 கிலோவுக்குள். அலுமினிய பிளாக் கொண்ட சுசுகி ஜி13 இன்ஜின். கொள்ளளவு 1,298 சி.சி.; சிலிண்டர் விட்டம் 74 மி.மீ., ஸ்ட்ரோக் 75.5 மி.மீ. உதிரிபாகம் மலிவு, வேலை தெரிந்த மெக்கானிக்குகள் நிறைய. இந்த இன்ஜினையே உதாரணமாக எடுத்துக்கொண்டால், டிராக்கில் ஓர் இன்ஜின் எப்படிப் போகிறது, அதைத் திரும்பக் கட்டுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்பதை எண்களோடு பார்க்கலாம். பாகங்களின் பட்டியல் போடுவது கடைசி வேலை. எது முதலில் உடைந்தது, ஏன் உடைந்தது என்று கண்டுபிடிப்பது முதல் வேலை. இந்த வரிசை மாறினால், புதிதாகக் கட்டிய இன்ஜினும் பழைய காரணத்தாலேயே போகும்.

சாலையில் ஒன்று, டிராக்கில் வேறொன்று

நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது இந்த இன்ஜின் 3,000 சுற்றை ஒட்டி ஓடும். டிராக்கில் 5,000-க்கும் 7,000-க்கும் இடையிலேயே பெரும்பாலும் வைத்திருப்பார்கள். ஏதோ இரண்டு மடங்கு சுமைதானே என்று தோன்றும். ஆனால் பிஸ்டன் உச்சிக்குப் போய் நின்று கீழே திரும்புகிறதே, அந்த இடத்தில் கனெக்டிங் ராடு தாங்கும் இழுவிசை சுற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. 3,000-லிருந்து 7,000-க்குப் போனால் விசை ஐந்தரை மடங்கு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 75.5 மி.மீ. ஸ்ட்ரோக்கில், 7,000 சுற்றில், உச்சியில் திரும்பும் பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய 2,700 மடங்கு. பிஸ்டன், பின், ரிங்குகள், ராடின் மேல்முனை எல்லாம் சேர்ந்து 400 கிராம் என்று வைத்துக்கொண்டால், ராடை இழுக்கும் விசை ஒரு டன்னைத் தாண்டுகிறது. முழுக் காரின் எடையைவிட அதிகம். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் முடிவில் எரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுவதால் இந்த இழுப்பு குறைந்துவிடும். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் எதிர்த்துத் தள்ள எதுவும் இல்லை. நொடிக்கு 58 முறை அந்த ஒரு டன்னை முழுசாகத் தாங்குபவை ராடின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் இரண்டே இரண்டு போல்ட்டுகள்.

இதிலிருந்தே ஒரு மரணம் புரியும். மூன்றாம் கியரிலிருந்து நான்காவதற்குப் போக வேண்டிய கை அவசரத்தில் இரண்டாவதில் விழுந்துவிட்டால், 7,000-இல் இருந்த இன்ஜினைச் சக்கரங்களே இழுத்து 10,000 சுற்றுக்குக் கொண்டுபோகும். ரெவ் லிமிட்டர் எரிபொருளையோ ஸ்பார்க்கையோதான் நிறுத்தும். சக்கரம் சுற்றுவதை அதனால் நிறுத்த முடியாது. விசை இரண்டு மடங்காகிவிடும். வால்வு ஸ்பிரிங்குகளால் கேமைப் பின்தொடர முடியாமல் வால்வுகள் மிதக்கும். பிஸ்டனில் முட்டி வளையவும் செய்யலாம். ராடு போல்ட்டு நீண்டுவிட்டால் அன்றைக்கே தெரியாது; அடுத்த வாரம் சாதாரணமாக ஓட்டும்போது அறுந்து, ராடு பிளாக்கைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

ஒரு மைக்ரான் படலம்

எஸ்டீமின் கிராங்க் ஷாஃப்டில் ராடு மாட்டும் பகுதி சுமார் நாலு செ.மீ. தடிமன். 7,000 சுற்றில் அதன் மேற்பரப்பு மணிக்கு 55 கி.மீ. வேகத்தில் பேரிங்குக்குள் வழுக்கிக்கொண்டிருக்கும். அந்த வேகத்தில், டன் கணக்கான சுமையோடு, உலோகம் உலோகத்தைத் தொட்டால் சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். தொடாமல் வைத்திருப்பது எண்ணெய்ப் படலம். ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் இடையே விடப்படும் இடைவெளி பொதுவாக 0.02 முதல் 0.05 மி.மீ. சுமை அழுத்தும் பக்கத்தில் படலம் ஒரு மைக்ரான் அளவுக்கு மெலிந்துவிடும். ஒரு தலைமுடியின் தடிமனில் அது எழுபதில் ஒரு பங்கு.

ஆயில் பம்ப் தரும் ஐந்து பார் அழுத்தம்தான் ஷாஃப்டைத் தூக்கிப் பிடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது இல்லை என்பது 1883-லேயே தெரிந்துவிட்டது. இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில்பெட்டி அச்சுகளின் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேல்பக்கம் ஒரு துளை போட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும், எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாக அந்தத் துளை வழியே மேலே பொங்கி வந்தது. மரக்கட்டையால் அடைத்தார், கட்டையையும் அது வெளியே தள்ளியது. அழுத்தமானியைப் பொருத்தியபோது முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு என்ற அதன் எல்லையையும் தாண்டிப் போனது. பேரிங்கின் மேல் இருந்த சராசரிச் சுமையோ சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான். சுழலும் அச்சே எண்ணெயை இழுத்துக் குறுகலான இடைவெளிக்குள் திணித்து அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பதை 1886-இல் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் கணிதத்தால் நிறுவினார். இன்றைய இன்ஜின்களில் அந்தப் படலத்தின் உச்ச அழுத்தம் நூற்றுக்கணக்கான பார்.

அப்படியானால் பம்ப் எதற்கு? பேரிங்கின் ஓரங்கள் வழியே கசிந்து போகும் எண்ணெயை ஈடுகட்ட. இடைவிடாமல் எண்ணெய் வந்துகொண்டிருந்தால்தான் ஷாஃப்டால் படலத்தை உண்டாக்க முடியும். எண்ணெய் முதலில் மெயின் பேரிங்குகளுக்கு வந்து, அங்கிருந்து கிராங்குக்குள் துளைத்த பாதை வழியாக ராடு பேரிங்குக்குப் போகிறது. வரிசையில் கடைசி ஆள் அதுதான். பற்றாக்குறை வந்தால் முதலில் அடிவாங்குவதும் அதுதான்.

டிராக்கில் பற்றாக்குறை எப்படி வருகிறது? தண்ணீர் லாரி வேகமாக வளைவில் திரும்பும்போது உள்ளே தண்ணீர் முழுக்க ஒரு பக்கம் சாய்வதைப்போல் இன்ஜினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் எண்ணெயும் சாயும். நல்ல டயர் போட்ட கார் புவியீர்ப்புக்குச் சமமான பக்கவாட்டு விசையோடு வளைவில் போனால், திரவத்தின் மேற்பரப்பு சரியாக 45 பாகை சாய்ந்து நிற்கும். இன்ஜின் குறுக்கே உட்கார்ந்திருக்கும் எஸ்டீமில் வளைவுக்கு வளைவு எண்ணெய் டைமிங் பக்கத்துக்கும் கியர்பாக்ஸ் பக்கத்துக்குமாக ஓடும். உறிஞ்சும் குழாயின் வாய் வெளியே தெரிந்ததும் பம்ப் காற்றை இழுக்கும். நீண்ட வளைவில் இரண்டு நொடி காற்று போனால் கிராங்க் 230 தடவைக்கு மேல் சுற்றிவிடும். சாலையில் இப்படி ஒரு வளைவும் இல்லை, இந்த வேகமும் இல்லை. காரைத் தயாரித்தவர்கள் சம்ப்பை வடிவமைத்தது சாலைக்குத்தான். நல்ல டயர், தாழ்த்திய சஸ்பென்ஷன் என்று மாற்றிக்கட்டக் கட்ட, வளைவு வேகம் கூடி இந்த ஆபத்தும் கூடுகிறது. இன்ஜினைத் தொடாமல் டயரை மட்டும் மாற்றியவருக்கும் இன்ஜின் போகலாம்.

வெப்பம் இன்னொரு பங்காளி. 40 கிரேடு ஆயிலின் பிசுபிசுப்பு 100 பாகை செல்சியஸில் இருப்பதைவிட 130 பாகையில் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். ஆயில் கூலர் இல்லாத காரை சென்னை மே மாத வெயிலில் விடாமல் சுற்றவிட்டால் 130-ஐத் தொடுவது பெரிய காரியமில்லை.

மற்ற சந்தேக நபர்கள்

எல்லாப் பழியையும் ஆயில் மேல் போட முடியாது. ஹெட்டைச் சீவி கம்ப்ரஷனை ஏற்றி, இக்னிஷன் டைமிங்கை முன்னுக்குத் தள்ளி, 91 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றினால் டெட்டனேஷன் வரும். தீச்சுடர் போய்ச் சேருவதற்குள், சிலிண்டரின் ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். அதிர்வலைகள் நொடிக்கு ஏழாயிரம் தடவை சிலிண்டருக்குள் எதிரொலிக்கும். எரியும் வாயுவின் வெப்பம் 2,000 பாகைக்கு மேல். அலுமினியம் உருகுவது 660 பாகையில். பிஸ்டன் உருகாமல் இருப்பதற்குக் காரணம் அதன் பின்பக்கம் கிடைக்கும் குளிர்ச்சியும், அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய, அசையாத வாயுப் படலமும். டெட்டனேஷன் அந்தப் படலத்தைத் துடைத்தெறிந்துவிடும். பிறகு ரிங்குகளுக்கு இடையே உள்ள மெல்லிய விளிம்பு உடையும், அல்லது பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

மூன்றாவது, தண்ணீர். ஒரு சிறிய ஹோஸ் கசிந்து கூலன்ட் தீர்ந்துவிட்டால், வெப்பநிலை முள் சில சமயம் கீழே இறங்கும். சென்சாரைத் தொடத் தண்ணீரே இல்லை என்பதால் அப்படி. அலுமினிய ஹெட் வளைந்து கேஸ்கெட் ஊதிவிடும்.

மூன்றும் வேறு வேறு நோய்கள். ஆனால் கடைசியில் எல்லாமே ஒரே மாதிரி முடியலாம். பிஸ்டன் உடைந்து அலுமினியத் துகள் ஆயிலில் கலந்தால் பேரிங்கும் போகும். பேரிங் போய் ராடு ஆடினால் பிஸ்டனும் உடையும். பட்டறையில் மேசைமேல் எல்லாப் பாகமும் உடைந்துதான் கிடக்கும். எது முந்தியது என்பதுதான் கேள்வி.

பிரேதப் பரிசோதனை

முதலில் ஆயில் ஃபில்டரை அறுக்க வேண்டும். ரம்பத்தால் அறுத்தால் அந்தத் தூளும் உள்ளே விழுந்து குழப்பும். டின் கட்டர் மாதிரி சுற்றி வெட்டும் கருவி நல்லது. உள்ளே விசிறிபோல் மடித்திருக்கும் காகிதத்தை எடுத்து, ஆயிலைப் பிழிந்துவிட்டு, வெயிலில் விரித்துப் பாருங்கள். மடிப்புகளில் மினுமினுப்பு தெரியும். காந்தத்தை அடியில் வைத்து நகர்த்தினால் அதோடு நகர்பவை இரும்பு: கிராங்க், கேம், ரிங், லைனர் என எதுவாகவும் இருக்கலாம். நகராமல் வெள்ளையாகக் கிடந்தால் அலுமினியம்: பிஸ்டனாகவோ, அலுமினியக் கலவையில் செய்த பேரிங்காகவோ இருக்கலாம். செம்பு நிறத்தில் இருந்தால் மூன்றடுக்கு பேரிங்கின் நடு அடுக்குவரை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து பேரிங் ஷெல்கள். கழற்றும்போதே எந்த சிலிண்டர், மேலா கீழா என்று ஒவ்வொன்றிலும் குறித்து வரிசையாக அடுக்க வேண்டும். குவியலாக டப்பாவில் போட்டுவிட்டால் பாதிச் சாட்சியம் போச்சு. எல்லா ராடு பேரிங்குகளும் வழவழவென்று துடைத்தெடுத்த மாதிரி தேய்ந்து, அதில் ஒன்று மட்டும் சுழன்று கருகியிருந்தால் ஆயில் பஞ்சம். ஆழமான கோடுகள், பதிந்த துகள்கள் இருந்தால் அழுக்கு. அந்த அழுக்கு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும். ராடு பேரிங்கின் மேல் ஷெல் மட்டும் சம்மட்டியால் அடித்தமாதிரி நசுங்கியிருந்தால் டெட்டனேஷன் பக்கம் சந்தேகம் திரும்பும். எரியும் வாயு அழுத்துவது அந்தப் பக்கம்தான். கீழ் ஷெல் அதிகம் தேய்ந்திருந்தால் அதிகச் சுற்று. ராடின் கீழ்முனை நீலம் பாய்ந்திருந்தால் அந்த இரும்பு 300 பாகை வெப்பத்தைப் பார்த்திருக்கிறது. அந்த ராடு மறுபடி இன்ஜினுக்குள் போகக் கூடாது.

ஸ்பார்க் பிளக்கின் பீங்கானை லென்ஸ் வைத்துப் பார்த்தால் மிளகுத்தூள் மாதிரிக் கறுப்புப் புள்ளிகளோ, பளபளக்கும் அலுமினிய மணிகளோ தெரியலாம். டெட்டனேஷன் நடந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆயில் பஞ்சத்தால் போன இன்ஜினில் பிளக்குகள் சுத்தமாக இருக்கும்.

மூன்று வழிகள்

காரணம் தெரிந்த பிறகுதான் பணத்தைப் பற்றிப் பேச முடியும். மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, சென்னை புதுப்பேட்டையிலோ வேறெங்கோ பழைய இன்ஜின் வாங்கி மாட்டுவது. பிளாக்கில் ஓட்டை விழுந்திருந்தால் பெரும்பாலும் இதுதான் மலிவு. வாங்குமுன் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும்; சிலிண்டர்களுக்குள் சதுர செ.மீ.க்கு ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேண்டாம். மாட்டுவதற்கு முன்பே சம்ப்பைக் கழற்றி ராடு பேரிங்குகளையும் ராடு போல்ட்டுகளையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். இன்ஜின் கீழே கிடக்கும்போது அது ஒரு நாள் வேலைதான்.

இரண்டு, கம்பெனி அளவிலேயே திரும்பக் கட்டுவது. இங்கே எல்லாமே அளவெடுப்பில் இருக்கிறது. சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் போர் கேஜ் வைத்து அளக்க வேண்டும். தேய்ந்திருந்தால் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன். 0.50 ஓவர்சைஸ் போட்டால் விட்டம் 74.5 மி.மீ.; கொள்ளளவு 18 சி.சி. மட்டுமே கூடும். சக்திக்காக அதைச் செய்வதில் பயனில்லை, சிலிண்டரைச் சீராக்கத்தான். கிராங்கில் கோடு விழுந்திருந்தால் அரைத்து அண்டர்சைஸ் பேரிங் போடலாம். ஆனால் பேரிங் உட்காரும் ஜர்னலின் இரு ஓரத்திலும் உள்ள வளைந்த மூலையை அரைப்பவர் அப்படியே விட வேண்டும். கூர்மையாக வெட்டிவிட்டால் விரிசல் அங்கேதான் பிறக்கும். அரைப்பதற்கு முன்பும் பின்பும் காந்தத் துகள் சோதனையில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

மூன்று, ஃபோர்ஜ்டு பிஸ்டன், ஃபோர்ஜ்டு ராடு போட்டு உயர் சுற்றுக்குக் கட்டுவது. செலவு பல மடங்கு, வேலையும் நுணுக்கமானது. ஃபோர்ஜ்டு பிஸ்டன்களில் பலவும் சூட்டில் கூடுதலாக விரிவதால் அதிக இடைவெளி கேட்கும். குளிர்ந்த இன்ஜினில் தட்டும் சத்தம் வரும். ரிங்கின் இரு முனைகளுக்கும் இடையே போதிய இடைவெளி விடாவிட்டால் சூட்டில் முனைகள் முட்டிக்கொண்டு பிஸ்டனையே உடைத்துவிடும். 74 மி.மீ. சிலிண்டருக்குச் சுமார் 0.30 மி.மீ. என்பது டர்போ இல்லாத இன்ஜினுக்கு வழக்கமான தொடக்க அளவு. ஆயில் பஞ்சத்தால் போன இன்ஜினுக்கு இந்த வழி மருந்தே ஆகாது. எவ்வளவு பலமான ராடாக இருந்தாலும் எண்ணெய் இல்லாமல் பேரிங் உருகத்தான் செய்யும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஆயில் ஓடிய பாதை முழுவதையும் சுத்தம் செய்தாக வேண்டும். கேலரி பிளக்குகளைக் கழற்றிப் பிரஷ் விட வேண்டும். ஆயில் பம்பைத் திறந்து பார்க்க வேண்டும். கூலர் போட்டிருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டும். அதன் நுண்ணிய குழாய்களுக்குள் சிக்கிய துகளை எந்தக் கழுவலும் முழுசாக எடுக்காது. புது இன்ஜின் ஓடும்போது அவை மெல்ல வெளியே வந்து புது பேரிங்கில் பதியும்.

எதற்கு முதலில் செலவு?

ஓர் அமெச்சூரின் பட்ஜெட்டில் முதல் இடம் ஆயிலை உறிஞ்சு குழாயின் வாயை விட்டு அகலாமல் வைப்பதற்கு. சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகளை வெல்டிங் செய்து, ஒரு பக்கம் மட்டும் திறக்கும் சிறு கதவுகள் வைத்தால் எண்ணெய் உள்ளே வரும், வெளியே ஓடாது. அதற்கு மேல் வேண்டுமென்றால், அழுத்தத்தில் ஆயிலைச் சேமித்துவைத்து, அழுத்தம் விழும் நொடியில் தானாகவே ஊட்டும் உருளைகள் கிடைக்கின்றன. எண்ணெயைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப் உத்தமம். பழைய எஸ்டீமுக்கு அந்தச் செலவு தாங்காது. அரை லிட்டர் கூடுதலாக ஊற்றுவது பலரும் செய்யும் தந்திரம். கொஞ்சம் உதவும், மிஞ்சினால் கிராங்கே ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

இரண்டாவது இடம், எண் காட்டும் ஆயில் பிரஷர் கேஜும் ஆயில் வெப்பநிலை கேஜும். வளைவில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரால் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே சுற்று வேகத்தோடு சேர்த்துப் பதிவு செய்யும் லாகர் இருந்தால் நல்லது. மூன்று பாருக்குக் கீழே போனால் கண்ணில் அடிக்கிற மாதிரி ஒரு பெரிய விளக்காவது வேண்டும். மூன்றாவது கூலர். நான்காவது டைமிங்கும் எரிபொருளும் சரியாக இருக்கிறதா என்று, சக்தியை அளக்கும் டைனோவில் பார்ப்பது. கேம் ஷாஃப்ட், ஹெட் போர்ட்டிங், சுற்று எல்லையை ஏற்றுவது எல்லாம் இதற்குப் பிறகுதான். எல்லையை 6,800-லிருந்து 7,500-க்கு ஏற்றினால் ராடு போல்ட்டின் சுமை இருபது சதவீதத்துக்கு மேல் கூடும். ஸ்டாக் கேமில் அந்தச் சுற்றில் இன்ஜினுக்கு மூச்சே போதாது. சக்தி கீழே இறங்கிக்கொண்டிருக்கும். சுமையை மட்டும் ஏற்றி லாபம் எதுவும் வராத மாற்றம் அது.

கட்டிமுடித்த இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கேஜில் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டர் மோட்டாரால் சுற்ற வேண்டும். முதல் அரைமணி ஓட்டத்துக்குப் பிறகு ஆயிலை மாற்றி ஃபில்டரை அறுத்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் மினுமினுப்பு ரிங் உட்காருவதன் அடையாளம். செம்பு நிறம் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும்.

பட்டறையிலிருந்து காரோடு இன்னொன்றையும் கேட்டு வாங்க வேண்டும்: எழுதிய அளவுத் தாள். ஒவ்வொரு பேரிங்கின் இடைவெளி, ஒவ்வொரு சிலிண்டரின் விட்டம், ரிங் இடைவெளி, போல்ட்டு முறுக்கிய டார்க் எல்லாம் அதில் இருக்க வேண்டும். டிராக்கில் ஓடும் இன்ஜின் என்றாவது ஒருநாள் மறுபடி திறக்கப்படும். அன்றைக்கு 0.07 மி.மீ. இடைவெளி தெரிந்தால், அது தேய்ந்ததா அல்லது அப்படித்தான் கட்டியதா என்பதற்கு அந்தத் தாள் மட்டுமே பதில் சொல்லும். தாள் இல்லாவிட்டால் அடுத்த முறையும் ஊகம்தான் காரணமாகும்; அந்த ஊகத்தின் பேரில் இன்னொரு இன்ஜின் கட்டப்படும்.